வண்டியின் ஆயுளும் வானொலியின் ஆயுளும்

மனிதன் ஆக்கிய பொருள்கள் அனைத்திற்கும் ஆயுள் ஒரே அளவினதன்று. கருங்கல்லாற் கட்டிய பாலம் பல தலைமுறை நிலைத்து நிற்க, அதன்மேற் செல்லும் வண்டி ஒரு தலைமுறைக்குள்ளே தேய்ந்தொழிகின்றது. இரண்டும் தனித்தனிப் பொருள்களாக இருக்கும்வரை இவ்வேறுபாட்டால் எவர்க்கும் இடர் விளைவதில்லை. நெடிய ஆயுளுடைய ஒரு பொருளின் உள்ளே குறுகிய ஆயுளுடைய பிறிதொன்று பிரிக்கவொண்ணாதவாறு பதிக்கப்படும்போதே சிக்கல் தோன்றுகின்றது.

மோட்டார் வண்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஐக்கிய அமெரிக்காவில் ஓடிய கார்கள் முதலிய இலகு வாகனங்களின் சராசரி வயது 2024ஆம் ஆண்டில் 12 ஆண்டுகளைக் கடந்திருந்தது. அத்தகைய வண்டியொன்றின் முகப்பிலே தொழிற்சாலை பதித்த திரை, அது வெளிவந்த ஆண்டின் அறிவோடு நின்றுவிட்டது. உரிமையாளரின் கையிலுள்ள தொலைபேசியோ இதற்குள் பன்முறை மாறிவிட்டது. எந்திரம் செவ்வனே ஓடுகின்றது, திரைதான் முதுமையடைந்துள்ளது. இப்பழைய திரையோடு புதிய கைத்தொலைபேசியை இணைப்பது எங்ஙனம் என்னும் வினா இக்காலத்திற்கே உரியது போலத் தோன்றினும், அதன் வேர் ஏறத்தாழ நூறாண்டு ஆழமுடையது. அவ்வரலாற்றை ஆராய்ந்து, பழையதோடு புதியது பொருந்திய இடங்களில் அதற்குத் துணை நின்றது யாது, பொருந்தாத இடங்களில் தடையாய் நின்றது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியுள் வானொலி புகுந்த வரலாறே ஒரு பிற்சேர்க்கையின் வரலாறாகும். போல் கல்வின், யோசேப்பு கல்வின் என்னும் சகோதரர் இருவர் 1928ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரில் ஒரு சிறு தொழிலகத்தை நிறுவினர். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அத்தொழிலை நலிவித்தபோது, ஓடும் வண்டியில் வானொலி கேட்கச் செய்யும் முயற்சியில் அவர்கள் இறங்கினர். 1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அத்திலாந்திக் நகரில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடைபெற்றபோது, போல் கல்வின் தம் சொந்தக் காரிலே அக்கருவியைப் பொருத்திக் கொண்டு சென்று, மாநாட்டு மண்டபத்தின் வெளியே நிறுத்தி இசையை முழங்கச் செய்தார். மோட்டரோலா என்னும் பெயர் இக்கருவிக்கு இடப்பட்டதே. தொழிலகம் அப்பெயரைத் தனதாக்கிக் கொண்டது 1947ஆம் ஆண்டிலாகும்.

அக்காலத்துப் பொருத்துவேலை எளிதானதன்று. எந்திரத்தின் மின்பொறிகள் வானொலியிற் பெருஞ்சத்தமாய்க் கேட்டமையால், அவற்றை அடக்கும் உறுப்புகளை எரிபற்றற் கம்பிகளிற் சேர்க்க வேண்டியிருந்தது. வால்வுக் குழாய்களுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்திற்காகத் தனி மின்கலங்கள் தளத்தின்கீழ் வைக்கப்பட்டன. வானலைவாங்கி கூரையின் துணியுள்ளே மறைக்கப்பட்டது. பொருத்துகூலியுட்பட விலை 110 முதல் 130 டாலர் வரை; எளிய புதுக் கார் ஒன்று 500 டாலரளவில் விற்கப்பட்ட காலம் அது. இத்துணை இடரிருந்தும் மக்கள் விரும்பி வாங்கினர். கார் செய்தவர் வானொலியை எண்ணிக் காரை வகுக்கவில்லை. எனினும், வேறொருவர் வந்து பொருத்துவதற்கு அவர் தடையுஞ் செய்யவில்லை. ஐரோப்பாவிலும் 1932ஆம் ஆண்டில் வெளிவந்த புளோபுங்க் வானொலி, ஏறத்தாழ 15 கிலோகிராம் எடையுடையதாயினும், இவ்வாறே வெளியிலிருந்து வந்து வண்டியிற் குடிபுகுந்தது.

1955ஆம் ஆண்டில் பில்கோ நிறுவனமும் கிறைஸ்லர் நிறுவனமும் வால்வுக் குழாய்களை முற்றாக நீக்கித் திரான்சிஸ்டர்களால் இயங்கும் கார் வானொலியை வெளியிட்டன. கருவி சிறுத்தது, மின்செலவு குறைந்தது. அதே கிறைஸ்லர் நிறுவனம் 1956ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இசைத்தட்டுக் கருவியொன்றையும் அமைத்தது. அதன் தட்டுகள் நிமிடத்திற்கு 16⅔ சுற்று வீதம் சுழல்வன. அவை அக்கருவிக்கென்றே அச்சிடப்பட்டவை. வீட்டிலிருந்த தட்டுகள் காரிற் பாடா. கேட்போர் விரும்பிய பாடல்கள் பலவும் அவ்வடிவில் வெளிவரவேயில்லை. சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. நுட்பத்தில் அது குறைந்ததன்று. புறவுலகோடு தொடர்பற்றுத் தனித்து நின்றமையே அதனைக் கெடுத்தது.

இதற்கு நேர்மாறான வரலாறு ஒலிநாடாப் பேழையினுடையது. பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அதனை அறிமுகஞ் செய்து, பின்னர் அவ்வடிவைப் பிற உற்பத்தியாளரும் உரிமக் கட்டணமின்றிக் கையாள இசைந்தது. அதனால் உலகெங்கும் ஒரே அளவினவாகிய பேழைகள் செய்யப்பட்டன. வீட்டிற் பாடியது வண்டியிலும் பாடிற்று. இதனோடு ஒருங்கு எண்ணத்தக்கது முகப்புப் பலகையின் பொந்து. 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உடைய கருவி எவ்வண்டியிலும் பொருந்தும் வண்ணம் ஜேர்மானிய நியமமொன்று எழுந்தது. 1984ஆம் ஆண்டில் அது சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. யப்பானில் இவ்வுயரத்தை இரட்டித்த பொந்தே பெருவழக்காயிற்று. பொந்தின் அளவு இஃதென எல்லோரும் அறிந்தமையால், காரைச் செய்தவர் ஒருவராகவும் அதன் வானொலியைச் செய்தவர் மற்றொருவராகவும் இருத்தல் இயல்பாயிற்று. வானொலி பழுதுற்றால் நான்கு திருகாணிகளோடு காரியம் முடிந்தது.

பொது வடிவம் எத்துணைப் பயனுடையதென்பதைக் காட்டுதற்கு ஒரு சிறு கருவி போதும். இறுவட்டும் பின்னர் எண்முறை இசைக்கருவிகளும் வந்த காலத்தில், நாடாப் பேழை மட்டுமே ஏற்கும் கார்கள் இலட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றிற்காகப் பேழையின் வடிவிலேயே ஒரு போலிப் பேழை செய்யப்பட்டது. அதனுள் நாடா இல்லை. நாடாவைத் தொட்டு இசையைப் படிக்கும் காந்தமுனைக்கு நேரே, அதனுள் மற்றொரு காந்தமுனை வைக்கப்பட்டது. இசைக்கருவியிலிருந்து கம்பிவழி வந்த மின்னோட்டம் அம்முனையிற் காந்தப் புலமாக மாற, எதிர்முனை அதனை நாடாவின் இசையென்றே ஏற்றது. உள்ளிருந்த சிறு பற்சில்லுகள் சுழன்று, நாடா ஓடுகின்றதென்று பொறியை நம்பச் செய்தன. நாடாவுக்கென அமைத்த வாயில் வழியே, அதனைச் செய்தோர் கனவிலும் கருதாத கருவிகள் உட்புகுந்தன. ஒரு வடிவம் வெளிப்படையாக இருப்பின், அதனை ஆக்கியவரின் முன்னறிவையும் கடந்து அது பயன் தரும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் பொதுப் பொந்து நன்மை மாத்திரமே தந்ததென்று கூறுதல் நடுநிலையாகாது. எவரும் எளிதிற் பொருத்தத்தக்கதை எவரும் எளிதிற் கழற்றவும் கூடும். 1980களில் மேனாட்டு நகரங்களிற் கார் வானொலித் திருட்டு மலிந்தது. கண்ணாடியை உடைத்துக் கருவியை இழுத்தெடுத்துச் செல்லுதல் சில நிமிட வேலையாயிருந்தது. இதற்கு எதிராக, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க முகத்தட்டுகளும், மின்கலத் தொடர்பு அற்றதும் இரகசிய எண் கேட்கும் வானொலிகளும் தோன்றின. காரின் முகப்போடு ஒட்டி வளைந்த தனிவடிவ வானொலிகளும் பெருகின. பிற வண்டிகளிற் பொருந்தாமையால் அவை திருடனுக்குப் பயன்படாவாயின. பூட்டு முதலிற் கள்வனுக்காகவே போடப்பட்டது. பின்னர் அது உரிமையாளனையும் வெளியே நிறுத்திற்று.

இம்மாற்றத்தை முழுமையாக்கியவை வண்டியின் உள்ளே ஓடிய தொடர்புவலைகள். பொஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கான்’ என்னும் முறை, வண்டியின் பல்வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இரு கம்பிகளாலே ஒன்றோடொன்று பேசச் செய்தது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஏழாம் வரிசைக் காரில் ஒலியையும் கட்டளைகளையும் ஒளிநார் வழியே கடத்தும் ‘மோஸ்ட்’ வலையும், வண்டியின் பல பணிகளை ஒரே குமிழாலும் ஒரே திரையாலும் ஆளும் ஏற்பாடும் அமைந்தன. அன்றுதொட்டு வானொலி ஒரு தனிப்பெட்டியாக இருத்தல் ஒழியலாயிற்று. குளிரூட்டியும், வண்டியின் அமைவுகளும், பின்னோக்கும் கமராவும் அத்திரையையே சார்ந்தன. வானொலியைக் கழற்றினால் வண்டியின் பாதிப் பேச்சு நின்றுவிடும் என்னும் நிலை உண்டாயிற்று. சில ஐரோப்பியத் தொழிலகங்கள், ஒரு காரின் கருவியை வேறொரு காரிற் பொருத்தினால், தொழிலகத்தின் கணினி இசைவு தரும்வரை அது இயங்காதவாறும் செய்தன.

இக்காலத்திலேதான் மக்களின் இசை சட்டைப்பையிற் புகுந்தது. 2001ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபொட் வெளிவந்தது. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிளும் பி.எம்.டபிள்யூவும் சேர்ந்து, அதனைக் காரின் வானொலியோடு இணைத்துச் சுக்கானிலுள்ள பொத்தான்களால் இயக்கும் இணைப்புக் கருவியை அறிவித்தன. பிற கைவினைஞரும் வேறொரு வழி கண்டனர். அக்காலத்துக் கார்கள் பலவற்றில், பின்புறப் பெட்டியில் வைக்கப்படும் இறுவட்டு மாற்றிக்காக ஓர் இணைப்பு விடப்பட்டிருந்தது. இறுவட்டு மாற்றி பேசும் மொழியைக் கற்று, தானே அம்மாற்றியென வானொலியிடம் நடிக்கும் சிறு பெட்டிகள் செய்யப்பட்டன. போலிப் பேழையின் உபாயமே ஈண்டும் மீள வந்தது. ஆனால், பேழையின் வடிவம் எவரும் அறிந்தது. இம்மொழியோ ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய மறைமொழி.

தொழிற்சாலை பதித்த கருவிகள் வேறொரு வகையாலும் மூப்படைந்தன. தொலைத்தொடர்பு வலைகளோடு பிணைக்கப்பட்டவை, அவ்வலைகள் ஒழிந்தபோது தாமும் ஊமையாயின. அமெரிக்காவிற் பழைய ஒப்புமைமுறைக் கைத்தொலைபேசி வலைகளைப் பேணும் கடப்பாடு 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடிவுற்றது. அம்முறையை மட்டும் அறிந்த கார்களின் அவசர உதவிச் சேவை அதனோடு நின்றது. 2022ஆம் ஆண்டில் மூன்றாந் தலைமுறை வலைகள் அங்கு மூடப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. வண்டியில் யாதொரு பழுதும் இல்லை. அது பேசிய மொழியைக் கேட்பார்தாம் இல்லாதொழிந்தனர்.

இவ்விடர்களுக்கெல்லாம் விடையாக எழுந்ததே கைத்தொலைபேசியை வண்டியின் மூளையாக்கும் கொள்கை. ஆப்பிள் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அறிவித்து 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜெனீவாக் கண்காட்சியிற் காட்டிய கார்பிளேயும், கூகிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் அறிவித்து அடுத்த ஆண்டில் வெளியிட்ட அன்ட்ரொய்ட் ஓட்டோவும் இக்கொள்கையின் இரு வடிவங்களாம். இவற்றிற் கணிப்பு முழுவதும் தொலைபேசியிலேயே நிகழ்கின்றது. வரைபடம், இசை, செய்தி ஆகியவற்றின் காட்சி தொலைபேசியில் ஆக்கப்பட்டு வண்டியின் திரைக்கு அனுப்பப்படுகின்றது; திரையைத் தொட்ட தொடுகையும் ஓட்டுநரின் குரலும் தொலைபேசிக்குத் திரும்புகின்றன. வண்டியின் திரை ஒரு கண்ணாடி போலப் பிரதிபலிக்கின்றது. விரைந்து முதுமையடைவது வண்டியிலிருந்து நீக்கப்பட்டு, எளிதில் மாற்றத்தக்க கைப்பொருளில் வைக்கப்பட்டது. தொலைபேசி மாறுந்தோறும் பழைய திரையும் புதுமையுறும். இரு ஆயுள்களையும் பிரித்து வைத்தமையே இவ்வேற்பாட்டின் மாண்பாகும்.

ஆயினும் இதனை ஏற்கும் திறனுடன் பிறந்த கார்களுக்கே இந்நன்மை உரியது. முன்னர்ப் பிறந்தவற்றிற்கு மூவகை வழிகள் வகுக்கப்பட்டன. பழைய பெட்டியை நீக்கிப் புதிய பெட்டியைப் பொருத்துதல் முதலாவது. பொதுப் பொந்துள்ள காரில் இஃது எளிது. பயனீர் போன்ற நிறுவனங்கள் 2014ஆம் ஆண்டிலேயே கார்பிளே ஏற்கும் பெட்டிகளைத் தனியே விற்கத் தொடங்கின. போர்ஷ் நிறுவனம் 2020ஆம் ஆண்டில், தன் பல பத்தாண்டுப் பழமையுடைய கார்களின் அதே 50 மில்லிமீற்றர்ப் பொந்தில் அமரும் கருவியைத் தானே வெளியிட்டது. கைத்தொலைபேசி என்பதையே அறியாத காலத்துக் கார் இவ்வாறு இக்காலத் தொலைபேசியோடு பேசிற்று. இடைக்காலத்தே தோன்றிய தனிவடிவத் திரையுடைய கார்களோ அதனினும் இளையனவாயிருந்தும் இடர்ப்பட்டன. முதியது எளிதிற் புதுமையேற்க, இளையது ஏற்க மாட்டாது நின்ற இம்முரண் சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது வழி, செய்தவரே மேம்படுத்திக் கொடுத்தல். மஸ்டா நிறுவனம் 2013ஆம் ஆண்டு முதல் தன் கார்களில் அமைத்த திரைக்கருவி கார்பிளேயை அறியாதது. 2018ஆம் ஆண்டில் அந்நிறுவனம், முன்னர் விற்ற அவ்வகைக் கார்களுக்கும் யூ.எஸ்.பி. இணைப்புமனையையும் கம்பிகளையும் மாற்றி, மென்பொருளைப் புதுக்கி, இரு முறைகளையும் ஏற்கச் செய்யும் தொகுதியை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் உறுப்புகளின் விலை 199 டாலராக அறிவிக்கப்பட்டது. திரையும் குமிழும் மாறவில்லை. செய்தவர் மனம்வைத்தால் எத்துணைச் சிறு மாற்றம் போதும் என்பதை இது காட்டுகின்றது.

செய்தவர் மனம்வையாத இடத்து எழுந்தது மூன்றாவது வழி. தொழிற்சாலைப் பெட்டிக்கும் அதன் திரைக்கும் இடையே செல்லும் காட்சிக் கம்பியை இடைமறித்து ஒரு சிறு பெட்டி வைக்கப்படும். வேண்டும்போது அது பழைய காட்சியை நிறுத்தித் தொலைபேசியின் காட்சியைத் திரைக்கு விடும். ‘கான்’ வலையிற் செல்லும் செய்திகளைக் கேட்டு, ஓட்டுநர் எப்பொத்தானை அழுத்தினார் என்பதை அறிந்து தொலைபேசிக்கு உணர்த்தும். ஒலியைப் புறக்கருவிக்குரிய துளை வழியே உட்செலுத்தும். போலிப் பேழை நாடாவாக நடித்தது போல, இப்பெட்டி திரைக்குத் தானே வானொலியென நடிக்கின்றது. காரின் வடிவத்திற்குக் கேடில்லை. வேண்டாதபோது கழற்றியும் விடலாம். ஆனால், ஒவ்வொரு காரின் செய்திமொழியும் வேறாதலின், ஒன்றிற்கு ஏற்றது மற்றொன்றிற்கு ஏலாது. கம்பியை அறுத்து ஒட்டும் அறியாத கையாலே பின்னோக்கும் கமராவும் எச்சரிக்கை ஒலிகளும் கெடுதல் கூடும்.

இலங்கையர்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. இந்நாட்டு வீதிகளில் ஓடும் கார்களிற் பெருந்தொகையின யப்பானிற் பாவிக்கப்பட்டுப் பின்னர் இங்கு வந்தவை. யப்பானியப் பண்பலை வானொலி நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களுக்கே வகுக்கப்பட்டிருந்தது. இலங்கை நிலையங்கள் 88 முதல் 108 வரை ஒலிபரப்புவன. ஆதலின் அவ்வண்டிகளின் வானொலிக்கு உள்ளூர் நிலையங்களிற் பல எட்டா. வானலைவாங்கிக்கும் வானொலிக்கும் இடையே மீடிறனை இறக்கும் சிறு பெட்டியொன்றைப் பொருத்துதல் இங்கு வழக்காயிற்று. கேட்கும் நிலையம் ஒன்றாகவும் திரை காட்டும் எண் வேறொன்றாகவும் இருத்தல் அதன் விளைவு. திரையின் எழுத்து யப்பானிய மொழி. வரைபடம் யப்பான் தேசத்தது. மின்கலத்தை மாற்றியதும் இரகசிய எண்ணையோ வரைபட அட்டையையோ கேட்டு வாயடைத்துப் போகும் கருவிகளும் உள. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீளத் திறக்கப்பட்டமையால், இருக்கும் வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பலர்க்கு இருக்கவில்லை. ‘செட்’ மாற்றுதல் என்று பொதுவழக்கில் வழங்கும் தொழில் ஆடம்பரமாக மாத்திரம் நின்றுவிடாமல், பிறமொழி பேசும் வண்டியை இந்நாட்டுக்குரியதாக்கும் தொழிலாகவும் ஆயிற்று.

வண்டியை மூடிவைக்கும் உற்பத்தியாளர் கூறும் நியாயங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. திருட்டைத் தடுத்தல் ஒன்று. வண்டியின் வலையிற் புறக்கருவி புகுந்தால் தடுப்பு, சுக்கான் முதலியவற்றிற்கு ஊறு நேரலாம் என்னும் அச்சம் மற்றொன்று. எனினும், அபாயமானவற்றைப் பூட்டுதல் வேறு. அனைத்தையும் பூட்டுதல் வேறு. இவ்வெல்லையை வகுத்தற்குச் சட்டமும் முயன்றுள்ளது. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012ஆம் ஆண்டில் வாக்களித்து, வண்டியைப் பழுதுபார்க்க வேண்டும் தகவல்களை உரிமையாளர்க்கும் தனியார் திருத்தகங்களுக்கும் வழங்கச் செய்தனர்; 2020ஆம் ஆண்டில் கம்பியின்றி அனுப்பப்படும் தகவல்களுக்கும் அவ்வுரிமையை விரித்தனர். இவ்விரண்டாஞ் சட்டம் நீதிமன்றத்திற் பல்லாண்டு வழக்காடப்பட்டது. மறுபுறத்தே, ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில், தன் வருங்கால மின்சாரக் கார்களிலிருந்து கார்பிளேயையும் அன்ட்ரொய்ட் ஓட்டோவையும் நீக்குவதாக அறிவித்தது. பிரிக்கப்பட்ட இரு ஆயுள்களும் மீண்டும் ஒன்றாகக் கட்டப்படலாம் என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

இன்னுமொன்று நினைவிற் கொள்ளற்பாலது. கார்பிளேயும் அன்ட்ரொய்ட் ஓட்டோவும் பொதுப் பொந்து போல எல்லார்க்கும் உரிய நியமங்கள் அல்ல. இரு நிறுவனங்களின் கைப்பொருள்கள். இன்று பழைய திரைக்கு உயிர் தரும் அவை, நாளை அந்நிறுவனங்கள் மனம் மாறினால் அவ்வுயிரை மீளப் பெறவும் கூடும். பொந்தின் அகலத்தை எவரும் திரும்பப் பெற இயலாது.

கல்வினின் வானொலி முதல் இற்றைநாள் இடைப்பெட்டி வரை, பழைய வண்டியிற் புதிய கருவியை வாழவைத்தது பெரும்பான்மையும் ஒன்றேயாகும்: எவரும் அறியத்தக்கதாய், எவர்க்கும் உரியதாய் விடப்பட்ட ஓர் இணைப்பிடம். பொந்தும் பேழையும் துளையும் அத்தகையன. அஃது இல்லாதவிடத்துத் திறமையுடையோர் மறைமொழியைக் கற்று வழி கண்டனர்; எனினும் அவ்வழி செலவும் இடரும் மிக்கது. வாங்கிய பொருள் எத்துணைக் காலம் பயன்பட வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் அதனை விற்றவரோ உடையவரோ என்பதே இதன் அடியிற் கிடக்கும் வினா. இன்று பொறியியல் பயிலும் மாணவர் நாளை கருவிகளை வகுப்பவராவர். தாம் அறியாத வருங்காலத்திற்கென்று தம் ஆக்கத்தில் ஒரு வாயிலைத் திறந்து வைப்பாராயின், அவ்வாயில் வழியே எவர் எதனைக் கொணர்வார் என்பதை அவர் அறியவேண்டியதில்லை. நாடாப் பேழையை வகுத்தோரும் அதனை அறிந்திலர்.